ஆறாம் மாதத்தில் தொடங்கும் குறட்டை

குறட்டை விட்டே பழக்கமில்லாத ஒரு பெண், கர்ப்பமாகி ஆறு மாதம் தாண்டியதும் இரவில் குறட்டை விடத் தொடங்குகிறாள். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "வயித்துப் பிள்ளைக்காரி, அசந்து தூங்குறா" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் காலையில் தலை கனக்கிறது, களைப்புத் தீரவில்லை. "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று அதற்கும் பதில் தயாராக இருக்கிறது.

ஆனால் யோசித்துப் பார்த்தால் இது விசித்திரம்தான். குழந்தை வளர்வது வயிற்றில், சத்தம் வருவதோ தொண்டையில். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? அந்தச் சத்தம் அசந்த தூக்கத்தின் அடையாளமா, தூக்கத்துக்குள் நடக்கும் ஒரு போராட்டத்தின் அடையாளமா? கடந்த கால் நூற்றாண்டில் சில ஆராய்ச்சி மையங்கள் இந்தக் கேள்வியைப் படிப்படியாகத் துலக்கியிருக்கின்றன.

பிரசவ அறையில் கேட்கப்பட்ட கேள்வி

ஸ்வீடனின் வடபகுதியில் ஊமியோ என்ற பல்கலைக்கழக நகரம் உள்ளது. அங்கே கார்ல் ஃப்ராங்க்ளினும் அவருடைய குழுவினரும் பிரசவத்துக்கு வந்த 502 பெண்களிடம், கர்ப்பத்துக்கு முன்பு குறட்டை விட்டீர்களா, இப்போது விடுகிறீர்களா என்று விசாரித்தார்கள். 2000ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியாயின. கர்ப்பத்துக்கு முன்பு குறட்டை விட்டவர்கள் 4% பேர். கர்ப்பத்தின் கடைசி வாரத்தில் தினமும் குறட்டை விட்டவர்கள் 23% பேர். குறட்டை விட்டவர்களில் 14% பேருக்கு உயர் ரத்த அழுத்தம் வந்திருந்தது. விடாதவர்களில் அது 6%தான்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ஓ'பிரையன் குழு இதையே இன்னும் நுணுக்கமாகக் கேட்டது. 1,719 கர்ப்பிணிகளைச் சேர்த்து, நெடுநாளாகக் குறட்டை விடுபவர்களையும் கர்ப்பத்தில்தான் தொடங்கியவர்களையும் தனித்தனியே பிரித்தார்கள். 2012இல் வெளியான முடிவு எதிர்பாராதது: ரத்த அழுத்தக் கோளாறுகளோடு தெளிவாகத் தொடர்பு காட்டியது பழைய குறட்டை அல்ல, புதிதாகத் தொடங்கிய குறட்டை. எனவே "குறட்டை விடுகிறாளா?" என்று கேட்டு நிறுத்தினால் போதாது. "எப்போதிலிருந்து?" என்றும் கேட்க வேண்டும்.

தொண்டையில் நடப்பது

மூக்கிலிருந்து குரல்வளை வரை காற்று செல்லும் பாதையில், நாக்குக்குப் பின்னால் உள்ள பகுதிக்கு எலும்புச் சட்டம் கிடையாது. சுற்றிலும் மென்மையான தசைகள்தான். விழித்திருக்கும்போது அந்தத் தசைகள் விறைப்பாக நின்று பாதையைத் திறந்து வைக்கின்றன. தூங்கியதும் தளர்கின்றன. காகித உறிஞ்சுகுழலால் கெட்டியான ஜூஸைக் குடிக்கும்போது, குழல் ஊறிப்போயிருந்தால் அதன் சுவர்கள் உள்நோக்கி ஒட்டிக்கொள்ளும். பலமாக உறிஞ்ச உறிஞ்ச இன்னும் இறுக ஒட்டும். தூங்கும் தொண்டையின் நிலையும் இதுதான். பாதை குறுகி, சுவர்கள் அதிர்ந்தால் குறட்டை. முழுவதும் மூடிக்கொண்டால் மூச்சே நிற்கும்.

தூக்கத்தில் பத்து விநாடிக்கோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதும், பாதியாகக் குறைவதும், மீண்டும் தொடங்குவதுமாக இரவு முழுவதும் நடந்தால் அதை உறக்க மூச்சுத்தடை என்று சொல்லலாம். மருத்துவர்கள் 'ஸ்லீப் அப்னியா' என்பது இதைத்தான்.

கர்ப்பம் இந்தப் பாதையைப் பல வழிகளில் குறுக்குகிறது. ஈஸ்ட்ரோஜன் கூடும்போது மூக்கின் உட்சவ்வு வீங்குகிறது. சளி பிடிக்காமலே மூக்கடைப்பு இருப்பதாகக் கர்ப்பிணிகள் சொல்வது இதனால்தான். உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு 40 முதல் 50% வரை கூடுகிறது, திசுக்களில் நீர் தேங்குகிறது. பகலில் கால்களில் இறங்கியிருக்கும் இந்த நீரில் ஒரு பகுதி, படுத்ததும் கழுத்தை நோக்கி நகர்கிறது. உடல் எடை கூடுவதும் சேர்ந்துகொள்ள, கழுத்தின் சுற்றளவே சற்று அதிகமாகிறது.

காப்பே வினையாகும் விதம்

உடல் சும்மா இருப்பதில்லை. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மூளையின் மூச்சு மையத்தைத் தூண்டுகிறது. அதனால் கர்ப்பிணி ஒரு நிமிடத்தில் உள்ளிழுக்கும் காற்றின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் கூடிவிடும். வயிறு பெரிதாகும்போது மல்லாந்து படுக்க முடியாமல் ஒருக்களித்துப் படுப்பதும் தொண்டைக்கு நல்லது. இந்த இரண்டு காப்புகளும் இருப்பதால்தான் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு மூச்சுத்தடை வருவதில்லை.

ஆனால் முதல் காப்புக்கு ஒரு மறுபக்கம் உண்டு. மூளை பலமாக மூச்சிழுக்கச் சொல்லும்போது தொண்டைக்குள் உறிஞ்சு விசையும் கூடுகிறது. ஏற்கெனவே வீங்கிக் குறுகிய பாதையில் அந்த விசை சுவர்களை மேலும் உள்ளே இழுக்கக்கூடும்.

இன்னொரு சிக்கல் கையிருப்பைப் பற்றியது. மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் கொஞ்சம் காற்று மிச்சமிருக்கும். மூச்சு நின்றால் உடலைத் தாங்குவது அந்த மிச்சம்தான். வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதால், கர்ப்பத்தின் பிற்பகுதியில் இந்தக் கையிருப்பு சுமார் 20% குறைகிறது. ஆக்சிஜன் செலவோ ஏறக்குறைய அதே அளவு கூடுகிறது. இருப்பு குறைந்து செலவு கூடிய நேரத்தில், மற்றவர்களுக்குப் பெரிதாகத் தெரியாத சில விநாடித் தடைகூட கர்ப்பிணியின் ரத்தத்தில் ஆக்சிஜனை வேகமாக இறக்கிவிடுகிறது.

ஆக்சிஜன் இறங்கியதும் மூளை அபாய மணி அடிக்கிறது. அட்ரினலின் போன்ற பொருள்கள் பாய்கின்றன, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஒரு கணம் தூக்கம் கலைந்து, தொண்டைத் தசை விறைத்து, பெரிய மூச்சாக இழுத்துவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறாள். காலையில் அவளுக்கு எதுவும் நினைவிருக்காது. இரவில் பலமுறை இப்படி நடந்தால் ரத்தக் குழாய்களின் உட்சுவர் பாதிக்கப்படுகிறது. இன்சுலினுக்கு உடல் கட்டுப்படுவதும் குறைகிறது.

கர்ப்பகாலத்தின் இரண்டு பெரிய தொல்லைகள் இதே இடங்களில்தான் வேர்விடுகின்றன. ஒன்று ப்ரீ-எக்லாம்ப்சியா: இருபது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் இறங்குவது, சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவது, முற்றினால் வலிப்பு வரை போவது. மற்றொன்று கர்ப்பகாலச் சர்க்கரை நோய். ஆக, மூச்சுத்தடைக்கும் இவற்றுக்கும் தொடர்பு இருக்க நியாயம் உண்டு. நியாயம் உண்டு என்பது வேறு, அளந்து காட்டுவது வேறு.

வீட்டுப் படுக்கையில் ஒரு சோதனை

கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆய்வுகளுக்கு ஓர் எல்லை உண்டு. தூங்குகிறவருக்குத் தன் குறட்டை தெரியாது. குறட்டை விடும் எல்லோருக்கும் மூச்சு நிற்பதும் இல்லை. அளக்க வேண்டுமானால் இரவு முழுவதும் கருவி பொருத்த வேண்டும். அதற்காகக் கர்ப்பிணிகளை ஆயிரக்கணக்கில் தூக்க ஆய்வகத்துக்கு வரவழைப்பது நடக்கிற காரியமல்ல.

இதற்கு விடை கண்ட ஆய்வைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். அமெரிக்காவில் 2010க்கும் 2013க்கும் இடையே, முதல் பிரசவத்தை எதிர்நோக்கிய 10,038 பெண்களைப் பின்தொடரும் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 'நுமாம்2பி' என்பது அதன் சுருக்கப் பெயர். கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ், கொலம்பியா, இண்டியானா, நார்த்வெஸ்டர்ன், பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா, யூட்டா, இர்வைனில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் என எட்டு மையங்கள் பங்கேற்றன. அந்த 10,038 பேரில் 3,705 பெண்கள் தூக்கத்தை அளக்கும் துணை ஆய்வில் சேர்ந்தார்கள்.

ஒவ்வொருவரிடமும் ஒரு சிறிய கருவி கொடுக்கப்பட்டது. மூக்கில் காற்றோட்டத்தை அறிய மெல்லிய குழாய், மார்பிலும் வயிற்றிலும் மூச்சின் ஏற்ற இறக்கத்தை அறியும் பட்டைகள், ஆக்சிஜனை அளக்க விரலில் ஓர் உணரி. பெண்கள் தாங்களே அதைப் பொருத்திக்கொண்டு தங்கள் வீட்டுப் படுக்கையில் தூங்கினார்கள். 6 முதல் 15 வாரத்துக்குள் ஒருமுறை, 22 முதல் 31 வாரத்துக்குள் இன்னொருமுறை. எட்டு ஊர்களின் பதிவுகளும் பாஸ்டனில் உள்ள ப்ரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையின் தூக்க மையத்துக்குப் போயின. மையத்துக்கு மையம் அளவுகோல் மாறிவிடக்கூடாது என்பதற்காக எல்லாப் பதிவுகளும் ஒரே இடத்தில் படிக்கப்பட்டன.

ஆய்வாளர்கள் பார்த்தது ஒரே ஒரு எண்: ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது? ஒரு பெண் ஆறு மணி நேரம் தூங்கி, 42 முறை தடை நேர்ந்தால் மணிக்கு 7. ஐந்துக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம்.

2017இல் பிட்ஸ்பர்க்கின் ஃப்ரான்செஸ்கா ஃபாக்கோ தலைமையில் முடிவுகள் வெளியாயின. கர்ப்பத்தின் தொடக்கத்தில் 3.6% பெண்களுக்கு மூச்சுத்தடை இருந்தது. நடுப்பகுதியில் அது 8.3%. சில மாதங்களுக்குள் இரண்டு மடங்குக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை லேசான வகை. லேசானதுதானே என்று விட்டுவிட முடியவில்லை. வயது, உடல் எடை, முன்பே இருந்த ரத்த அழுத்தம் ஆகியவற்றின் பங்கைக் கழித்த பிறகும், மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. தொடக்கத்திலேயே தடை இருந்தவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு சுமார் மூன்றரை மடங்கு. தடைகளின் எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் கூடியது.

இரண்டு மடங்கு என்றால் எவ்வளவு?

'இரண்டு மடங்கு' என்ற சொல் ஒரு கர்ப்பிணியின் காதில் விழுந்தால் அவள் தூக்கமே போய்விடும். அதனால் கணக்கை நிதானமாகப் பார்ப்போம்.

இந்த ஆய்வில் நூறு பெண்களில் சுமார் 6 பேருக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா வந்தது. இதை அடிப்படையாக வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், மூச்சுத்தடை உள்ள நூறு பேரில் சுமார் 11 பேருக்கு அது வரலாம். அதாவது மீதி 89 பேருக்கு வராது. தனியொரு பெண்ணுக்கு இது தீர்ப்பு அல்ல, கூடுதல் கவனம் வேண்டும் என்ற தகவல் மட்டுமே. ஆனால் மருத்துவமனையோ அரசோ பார்க்கும்போது கணக்கு மாறுகிறது. லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குள் மூச்சுத்தடை உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் கூடுதல் என்பது பெரிய எண்ணிக்கை. பயப்படவும் கூடாது, அலட்சியப்படுத்தவும் கூடாது என்பதற்கு இந்த இரண்டு பார்வைகளும் சேர்ந்து வேண்டும்.

தொடர்பா, காரணமா?

மூச்சுத்தடையும் ப்ரீ-எக்லாம்ப்சியாவும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து இருப்பதாலேயே ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது. ப்ரீ-எக்லாம்ப்சியாவிலும் உடலில் நீர் தேங்கும், தொண்டை வீங்கும். அதனால் மூச்சுத்தடை விளைவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது காரணமும் இருக்கலாம். தொடக்க வாரங்களிலேயே, நோய் வருவதற்கு முன்பே அளந்தது நுமாம்2பி ஆய்வின் பலம். ஆனாலும் அது பார்த்து எழுதிய ஆய்வு, சிகிச்சை கொடுத்துப் பார்த்த ஆய்வு அல்ல. காரணம்தானா என்று சோதிக்க ஒரே வழி, தடையை நீக்கிவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது.

தடையை நீக்கும் கருவி ஏற்கெனவே இருந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் உருவாக்கி, 1981இல் உலகுக்கு அறிவித்த சிபாப் கருவி அது. மூக்கில் பொருத்திய முகமூடி வழியாகத் தொடர்ந்து இதமான அழுத்தத்தில் காற்றைச் செலுத்துவதுதான் அதன் வேலை. அது தருவது மருந்தோ ஆக்சிஜனோ அல்ல, சாதாரணக் காற்றுதான். அந்த அழுத்தம் தொண்டைச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கிறது.

சல்லிவனின் குழுவே பிறகு இதைக் கர்ப்பிணிகளிடம் கொண்டுசென்றது. ப்ரீ-எக்லாம்ப்சியா உள்ள பெண்களுக்கு இரவில் ரத்த அழுத்தம் ஏறுவதை சிபாப் குறைக்கிறது என்று 2000இல் காட்டினார்கள். 2013இல் குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். ஆரோக்கியமான கர்ப்பத்தில் இரவு முழுவதும் வயிற்றுக்குள் அசைவு தொடர்கிறது. ப்ரீ-எக்லாம்ப்சியா உள்ளவர்களிடம் இரவு நகர நகர அசைவு குறைந்துகொண்டே போனது. தாய்க்கு சிபாப் பொருத்தியபோது அந்தக் குறைவு பெருமளவு தடுக்கப்பட்டது. தாயின் மூச்சைச் சீராக்கினால், நஞ்சுக்கொடிக்கு அப்பால் இருக்கும் குழந்தையிடமும் மாற்றம் தெரிகிறது. இவை சிறிய ஆய்வுகள்தான். ஆனாலும் வழி காட்டின.

அடுத்த படியைத் தாய்லாந்து எடுத்துவைத்தது. பாங்காக்கின் மூன்று மருத்துவமனைகளில், ஆபத்துக் காரணிகளும் லேசான அல்லது நடுத்தர மூச்சுத்தடையும் உள்ள 340 கர்ப்பிணிகளைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சிபாப்பும் வழக்கமான கவனிப்பும், இன்னொன்றுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2023இல் முடிவு வந்தது. சிபாப் பிரிவில் ரத்த அழுத்தத்தின் கீழ் எண் சராசரியாக 2 புள்ளி அளவுக்குக் குறைவாக இருந்தது. ப்ரீ-எக்லாம்ப்சியா சிபாப் பிரிவில் சுமார் 13% பேருக்கும், மற்றப் பிரிவில் சுமார் 22% பேருக்கும் வந்தது. நம்பிக்கை தரும் எண்கள்தான். ஆனால் ஒரு நகரத்தின் 340 பேரை வைத்து உலகம் முழுவதற்கும் விதி எழுத முடியாது. முகமூடியோடு இரவெல்லாம் தூங்குவதும் பலருக்கு எளிதல்ல. இன்னும் பெரிய ஆய்வுகள் இதை உறுதிசெய்ய வேண்டும்.

யாரைச் சோதிப்பது?

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கருவி பொருத்த முடியாது. வழக்கமாக மூச்சுத்தடையைக் கண்டறியப் பயன்படும் கேள்வித்தாள்கள் கர்ப்பத்தில் சரியாக வேலை செய்வதில்லை. "பகலில் களைப்பாக இருக்கிறதா?" என்று கேட்டால் எந்தக் கர்ப்பிணி இல்லை என்பாள்? அதனால் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2012இல் ஃபாக்கோவும் உடன் பணியாற்றியவர்களும், கர்ப்பிணிகளுக்கென்று நான்கு விஷயங்களை மட்டும் பார்க்கும் முறையை வகுத்தார்கள்: வயது, உயரத்துக்கு ஏற்ற எடையா என்பது, முன்பே உள்ள ரத்த அழுத்தம், அடிக்கடி குறட்டை. களைப்பு அந்தப் பட்டியலில் இல்லை. கர்ப்பத்தில் எல்லோருக்கும் இருக்கும் ஒன்றால் யாரையும் பிரித்தறிய முடியாது என்பதே காரணம்.

நம் ஊரிலும் இதற்கு வழி இருக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டறிவதில் தமிழகத்துக்கு முன்னோடி இடம் உண்டு. சென்னையின் டாக்டர் வி. சேஷையா போன்றவர்களின் உழைப்பால், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைச் சோதனை என்பதை 2007இல் மாநில அரசே ஏற்றுக்கொண்டது. இன்று எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்காமல் பேறுகாலப் பரிசோதனை முடிவதில்லை. மூச்சுத்தடை இந்த மூன்றோடும் பின்னிக்கிடப்பது. கிராம சுகாதாரச் செவிலியர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டால் போதும்: "தூக்கத்தில் குறட்டை விடுவதாக வீட்டில் சொல்கிறார்களா? அது எப்போது தொடங்கியது?"

பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதில் நம் வழக்கம் ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். மூச்சுத்தடை கூடும் காலம் அதுதான். அதற்கு முன்பு அவள் எப்படித் தூங்கினாள் என்பது கணவருக்குத் தெரியும். இப்போது எப்படித் தூங்குகிறாள் என்பது அம்மாவுக்குத் தெரியும். மாற்றம் நேர்ந்திருக்கிறதா என்பது இருவரும் பேசிக்கொண்டால்தான் தெரியும்.

குறட்டை புதிதாகத் தொடங்கியிருந்தாலோ, குறட்டைக்கு நடுவே சத்தம் நின்று பிறகு திணறலோடு மூச்சு வந்தாலோ, காலைத் தலைவலி தொடர்ந்தாலோ அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ ஏற்கெனவே இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். மருத்துவர் தேவை என்று கருதினால் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புவார். இல்லையென்றாலும் ரத்த அழுத்தத்தை இன்னும் அடிக்கடி பார்ப்பார். ப்ரீ-எக்லாம்ப்சியாவை முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்கு அந்தக் கூடுதல் கவனமே பேருதவி.

பிரசவத்துக்குப் பிறகு வீக்கம் வடிந்து பலருக்கு மூச்சு சீராகிவிடுகிறது. சிகிச்சையால் எவ்வளவு நன்மை, எந்த வாரத்தில் தொடங்கினால் பலன் என்பதை ஆராய்ச்சி மையங்கள் இனி சொல்லும். கர்ப்பிணியின் குறட்டையை அசந்த தூக்கம் என்று சொல்லிக் கடந்துபோக வேண்டியதில்லை என்பதை அவை ஏற்கெனவே சொல்லிவிட்டன. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து எழுதும் அதே அட்டையில் அவளுடைய தூக்கத்துக்கும் ஒரு வரி ஒதுக்குவதற்கு, நம்மிடம் இருக்கும் அறிவு போதும்.